வெறுக்கத்தக்க கருத்துக்கும் பேச்சுரிமை உண்டா? சிவகாசி வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

2002 ஜூன் 29 அன்று திருமங்கலத்தில் நடந்த பொதுக்கூட்டத்தில் வைகோ விடுதலைப் புலிகளை ஆதரித்துப் பேசினார். அப்போது அவர் சிவகாசித் தொகுதியின் மக்களவை உறுப்பினர். சாத்தூர், வெம்பக்கோட்டை, தாயில்பட்டி வட்டாரத்துப் பட்டாசு, தீப்பெட்டித் தொழிலாளர்களின் வாக்குகளும் சேர்ந்துதான் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தன. ஜூலை 11 அன்று சென்னை விமான நிலையத்தில் பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான பொடாவின்கீழ் கைதானார். பிணையில் வெளியே வர 2004 பிப்ரவரி ஆகிவிட்டது. அவர்மீதான குற்றச்சாட்டின் அடிப்படை அந்தப் பேச்சு மட்டுமே.

1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் புலிகளின் குண்டுவெடிப்பில் ராஜீவ் காந்தியோடு காவலர்களும் கட்சித் தொண்டர்களும் சிதறி இறந்தார்கள். அந்தக் குடும்பங்களுக்குப் புலிகளைப் போற்றும் பேச்சு சகிக்க முடியாத ஒன்றாக இருந்திருக்கும். கடலுக்கு அப்பால் சாகிற உறவுகளை நினைத்துக் கலங்கியவர்களுக்கோ அதே பேச்சு தங்கள் நெஞ்சில் இருந்ததைச் சொன்னதாகப் பட்டது. ஒரே மாநிலம், ஒரே மொழி, ஒரே பேச்சு. பெரும்பான்மையோ அரசோ சட்டமோ வெறுக்கத்தக்கது என்று கருதும் அரசியல் கருத்துக்குப் பேச்சுரிமையின் காவல் உண்டா, இல்லையா? நூற்றைம்பது ஆண்டுகளாகக் கேட்கப்பட்டுவரும் இந்தக் கேள்விக்குக் குறைந்தது நான்கு விடைகள் உள்ளன. அவை எங்கிருந்து வந்தன, எங்கே இடறுகின்றன என்பதைத் தென்தமிழகத்தின் அனுபவத்தோடு உரசிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அமைதி கெடக் கூடாது என்ற விடை

நம் நாட்டில் மிகப் பழையதும் இன்றும் காவல் நிலையங்களில் வலுவாக இருப்பதும் இதுவே. பேச்சு நல்லதா கெட்டதா என்பது இதற்குப் பொருட்டல்ல; ஊர் கொந்தளிக்குமா என்பதே பொருட்டு. 1870இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 124ஏ பிரிவாக ராஜதுரோகக் குற்றமும், 1898இல் 153ஏ பிரிவாகச் சமூகங்களுக்கிடையே பகை மூட்டும் குற்றமும் சேர்க்கப்பட்டன. 153ஏ வந்த அடுத்த ஆண்டே, 1899 ஜூன் 6 அன்று, சிவகாசி தாக்கப்பட்டது. கோயில் நுழைவு உரிமையை ஒட்டி நாடார்களுக்கும் மறவர் உள்ளிட்ட பிற சாதியினருக்கும் இடையே பல ஆண்டுகளாகப் புகைந்துகொண்டிருந்த பகை அன்று வெடித்தது. ஆயிரக்கணக்கானோர் திரண்டுவந்து வீடுகளைக் கொளுத்தினார்கள். அதற்கு முந்தைய அரை நூற்றாண்டில் இரு தரப்பிலும் சாதிப் பெருமையையும் இழிவையும் பேசிய பிரசுரங்கள் வந்தபடி இருந்தன. கால்டுவெல் 1849இல், சாணார்கள் என்று அன்று அழைக்கப்பட்ட நாடார்களைப் பற்றி எழுதிய நூலே அந்தச் சமூகத்தைக் கொதிப்படையச் செய்த எழுத்துகளில் ஒன்று. அச்சில் ஏறிய இழிவு தெருவில் இறங்க ஐம்பது ஆண்டுகள் ஆனதென்று நேர்க்கோடு போட்டுவிட முடியாது. கோயில், வணிகம், நிலம் எல்லாம் கலந்த பகை அது. ஆனாலும் எழுத்துக்கு அதில் பங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது.

ஆனால் அந்தச் சட்டப் பிரிவுகள் அதிகம் பயன்பட்டது வேறு திசையில். அன்று சிவகாசி திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. 1908இல் அதே மாவட்டத்தில் வ.உ.சிதம்பரம் பிள்ளைக்கும் சுப்பிரமணிய சிவாவுக்கும் ராஜதுரோகப் பேச்சுக்காகக் கொடுந்தண்டனை விதிக்கப்பட்டது. நீதிபதி பின்ஹேயின் பார்வையில் வ.உ.சி.யின் கருத்துகள் வெறுக்கத்தக்கவை, ஆபத்தானவை. இன்று தூத்துக்குடித் துறைமுகமே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. இதை வைத்து, வெறுக்கப்படும் கருத்தெல்லாம் ஒருநாள் போற்றப்படும் என்று முடிவுகட்டுவது தவறு. வெறுக்கத்தக்கது எது என்று தீர்ப்பளிக்கும் இடத்தில் அமர்ந்திருப்பவரின் நலனும் அந்தத் தீர்ப்பில் கலந்துவிடுகிறது என்பது மட்டுமே இதிலிருந்து உறுதியாகப் பெறக்கூடிய பாடம்.

விடுதலைக்குப் பின்னும் வழக்கம் பெரிதாக மாறவில்லை. சென்னை மாகாண அரசு ஓர் இடதுசாரி இதழைத் தடுத்ததை 1950இல் ரொமேஷ் தாப்பர் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. மறு ஆண்டே முதல் அரசமைப்புத் திருத்தம் வந்து, பொது ஒழுங்கு என்பதையும் பேச்சுரிமையின் வரம்புகளில் ஒன்றாக்கியது. 1957 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் தலித் தலைவர் இம்மானுவேல் சேகரன் கொல்லப்பட்டார். முதுகுளத்தூர் வட்டாரம் பற்றியெரிந்தது. திருவில்லிபுத்தூர் மக்களவை உறுப்பினராக இருந்த மறவர் சமூகத் தலைவர் முத்துராமலிங்கத் தேவர் செப்டம்பர் 28 அன்று மதுரையில் தடுப்புக்காவல் சட்டத்தில் கைதானார். பிறகு தொடரப்பட்ட கொலை வழக்கில் 1959இல் விடுதலையானார். அந்த மாதத்தின் மேடைகள் எந்த அளவுக்குக் கலவரத்துக்குக் காரணம் என்று இன்றுவரை இரு சமூகங்களும் இருவேறு விதமாகச் சொல்கின்றன. தடுப்புக்காவல் அதற்கு விடை தரவில்லை. விசாரணையின்றி அடைப்பதால் தர முடியவும் இல்லை.

இந்த நிலைப்பாட்டின் பெரிய ஓட்டை வேறொன்று. ஊர் கொந்தளிக்கும் என்பதே தடைக்குக் காரணமென்றால், அதிகம் கொந்தளிக்கக் கூடியவர்களின் கையில் தடைச்சாவி போய்விடுகிறது. 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் கூட்டிய சமாதானப் பேச்சுவார்த்தையில் எழுத்தாளர் பெருமாள்முருகன் தம் ‘மாதொருபாகன்’ நாவலுக்காகப் பணியவைக்கப்பட்டது அப்படித்தான். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த உடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தாது என்று சொல்ல வேண்டியிருந்தது. ‘மாதொருபாகன்’ வெறுப்பரசியல் நூல் அல்ல. ஆனால் கூட்டம் கூட்டி மிரட்டினால் எந்த எழுத்தையும் வெறுக்கத்தக்கதாக ஆக்கிவிடலாம் என்பதை அந்த வழக்கு காட்டியது.

எதையும் பேசட்டும் என்ற விடை

1859இல் மில் எழுதிய சுதந்திரம் பற்றிய நூலிலிருந்து தொடங்கும் இந்த மரபை வாசகர்கள் அறிவார்கள்; விரிக்க வேண்டியதில்லை. தவறான கருத்தையும் பேசவிட்டால்தான் சரியான கருத்து உயிரோடு இருக்கும் என்பது இதன் சாரம். அமெரிக்காவில் இது 1969இன் பிராண்டன்பர்க் தீர்ப்பில் முழு வடிவம் பெற்றது. உடனடியாகச் சட்டமீறலை விளைவிக்கும் நோக்கமும், விளைவிக்கும் வாய்ப்பும் உள்ள தூண்டுதலைத் தவிர வேறெந்த அரசியல் பேச்சையும் அரசு தண்டிக்கக் கூடாது என்றது அது. யூத இனப்படுகொலையில் தப்பியவர்கள் நிறையப் பேர் வாழ்ந்த ஸ்கோக்கி என்ற ஊரில் நாஜிகள் ஊர்வலம் போக 1977, 78இல் நீதிமன்றங்கள் அனுமதித்தது இந்த மரபின் எல்லைக்கோடு.

அரசமைப்பு அவையில் 1948 நவம்பர் 4 அன்று அம்பேத்கர், அடிப்படை உரிமைகள் அமெரிக்காவிலும் வரம்பற்றவை அல்ல என்று வாதிட்டபோது எடுத்துக்காட்டியது, ஓர் அரசியல் பிரசுரத்துக்கான தண்டனையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த கிட்லோ வழக்கை. அந்த வழக்கின் அணுகுமுறையை அமெரிக்காவே பின்னாளில் கைவிட்டது. நாம் அதை ஒட்டிய பாதையிலேயே நெடுந்தூரம் வந்திருக்கிறோம். எனினும் நம் நீதிமன்றங்களும் மெல்ல மில்லின் பக்கம் நகர்ந்திருப்பதைக் காணலாம். காலிஸ்தான் கோஷம் எழுப்பியவர்களை, அதனால் எந்த விளைவும் நேரவில்லை என்று சொல்லி 1995இல் பல்வந்த் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. 2003 டிசம்பர் 16 அன்று பொடாவைச் செல்லுமென்று சொன்ன அதே தீர்ப்பில், பயங்கரவாதச் செயலை ஊக்குவிக்கும் நோக்கம் இல்லாத வெறும் ஆதரவுப் பேச்சு குற்றமாகாது என்றும் சொன்னது. 2015இல் ஷ்ரேயா சிங்கால் தீர்ப்பு, விவாதிப்பது, ஆதரித்துப் பேசுவது, தூண்டுவது மூன்றும் வேறுவேறு; மூன்றாவதில்தான் சட்டம் தலையிடலாம் என்று தெளிவாக்கியது.

இந்த விடையின் பலவீனம் சாதி இருக்கும் ஊரில்தான் முழுதாகத் தெரிகிறது. கெட்ட பேச்சுக்கு நல்ல பேச்சே மருந்து என்றால், பதில் பேச எல்லோராலும் முடிய வேண்டும். ஆதிக்கச் சாதித் தெருவின் முனையில் கட்டிய ஒலிபெருக்கிக்குக் காலனித் தெருவிலிருந்து அதே தெருமுனையில் நின்று பதில் சொல்ல முடியுமா? சொன்னவர் மறுநாள் அதே ஆட்களிடம் கூலிவேலைக்குப் போக முடியுமா? மில் இந்தக் கேள்வியை எதிர்கொள்ளவில்லை. அவருடைய வாசகர்கள் ஒரே மேசையைச் சுற்றி அமரக் கூடியவர்கள்.

தன்னைக் காத்துக்கொள்ளும் மக்களாட்சி

1937இல் கார்ல் லோவன்ஸ்டைன் முன்வைத்த வாதம் இது: மக்களாட்சியின் உரிமைகளைக் கொண்டே மக்களாட்சியை அழிக்க வருபவர்களுக்கு அந்த உரிமைகளை மறுக்கலாம். போருக்குப் பிந்தைய ஜெர்மனி இதைச் சட்டமாக்கியது. 1952இல் ஒரு புதிய நாஜிக் கட்சியையும், 1956இல் கம்யூனிஸ்ட் கட்சியையும் தடைசெய்தது. முதல் தடையைப் பாராட்டுகிறவர்கள் இரண்டாவதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

இதன் தமிழ்ப் பதிப்பு 1963இன் பதினாறாவது அரசமைப்புத் திருத்தம். திராவிட நாடு கோரிக்கையை மனத்தில் வைத்துக் கொண்டுவரப்பட்ட அந்தத் திருத்தம், இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் பேச்சுரிமையின் வரம்புகளில் சேர்த்தது. அவற்றைக் காப்பதாகத் தேர்தல் வேட்பாளர்கள் உறுதிமொழி எடுக்க வேண்டும் என்றது. 1962இல் மாநிலங்களவையில் தம் முதல் உரையிலேயே தனிநாட்டுக் கோரிக்கையை எடுத்துவைத்த அண்ணா, 1963இல் கட்சியின் சார்பில் அதைக் கைவிட்டார். 1967இல் முதலமைச்சரானார்.

சட்டம் வென்றது என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். 1962இன் சீனப் போரும் தேர்தல் வெற்றிக்கான வாய்ப்பும் ஏற்கெனவே கட்சியை அந்தத் திசையில் தள்ளியிருந்தன என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். என் வாசிப்பில் இரண்டாவது தரப்பின் கை ஓங்கியிருக்கிறது. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது: பிரிவினை மூடப்பட்டாலும் அதன் பின்னிருந்த மனக்குறைகளைப் பேச வழி திறந்தே இருந்தது. மத்திய-மாநில உறவுகளை ஆராய்ந்த இராஜமன்னார் குழுவும், 1974இன் மாநில சுயாட்சித் தீர்மானமும் அந்த வழியாக வந்தவை.

அதே மருந்தை இலங்கை 1983 ஆகஸ்டில் எடுத்தது. ஆறாவது அரசமைப்புத் திருத்தம் தனிநாட்டை அமைதியான முறையில் ஆதரிப்பதையும் தடுத்தது. உறுதிமொழி எடுக்க மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் நாடாளுமன்ற இடங்களை இழந்தார்கள். தமிழர்களுக்கு எதிரான ஜூலைப் படுகொலைகள் முடிந்து சில நாட்களே ஆன நேரம் அது. போருக்கு இந்தத் திருத்தம்தான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் பேசித் தீர்க்க நின்றவர்களின் காலடியிலிருந்து மேடையை உருவிவிட்டது இந்தத் திருத்தம். ஆயுதம் எடுத்தவர்களுக்கு அதனால் எந்த நட்டமும் இல்லை. வெறுக்கத்தக்க கருத்தைத் தடைசெய்வதன் விளைவு, தடைக்குப் பிறகு எந்தக் கதவு திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது என்று இவ்விரண்டு திருத்தங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கையில் தோன்றுகிறது.

அடிபடுபவரின் பக்கத்திலிருந்து

நான்காவது விடை அரசின் பாதுகாப்பையோ ஊர் அமைதியையோ கேட்பதில்லை. பேச்சுக்கு இலக்கானவருக்கு என்ன நேர்கிறது என்று கேட்கிறது. ஜெரெமி வால்ட்ரன் 2012இல் இதை மேற்கத்திய வாசகர்களுக்கு விரிவாக வாதிட்டார். நம் சட்டம் இங்கே அவருக்கு முன்பே வந்துவிட்டது. 1955இன் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் தீண்டாமையைக் கடைப்பிடிக்கத் தூண்டுவதைக் குற்றமாக்கியது. 1989இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பட்டியல் சாதி, பழங்குடி மக்களைப் பொதுப் பார்வையில் இழிவுபடுத்துவதைக் குற்றமாக்கியது. 2015இன் திருத்தம் அவர்கள்மீது பகையும் வெறுப்பும் வளர்க்கும் சொற்களையும் அவர்கள் மதிக்கும் மறைந்த தலைவர்களை அவமதிப்பதையும் சேர்த்தது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் தனிச்சிறப்பு, எல்லாச் சமூகங்களையும் ஒரே தட்டில் வைக்காதது. 153ஏயும், 2024 ஜூலை முதல் அதன் இடத்தில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 196ஆம் பிரிவும், அடித்தவனின் முழக்கத்தையும் அடிபட்டவனின் ஆத்திரத்தையும் ஒன்றாகவே அளக்க இடந்தருகின்றன. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் யார் யாரை நோக்கிப் பேசுகிறார்கள் என்று பார்க்கிறது. இந்த அடிப்படையை அரசியல் பேச்சு குறித்த சட்டம் முழுவதற்கும் எடுத்துச் செல்ல வேண்டும் என்பதே இக்கட்டுரையின் சாய்வு.

ஆனால் இதற்கும் எல்லைகள் உண்டு. நான்கு சுவருக்குள் நடந்த அவமதிப்பு பொதுப் பார்வையில் படாததால் இக்குற்றத்தில் வராது என்று 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வீட்டு வேலைக்கும் பண்ணை வேலைக்கும் போகிறவர்கள் கேட்கும் வசவு பெரும்பாலும் அந்த நான்கு சுவருக்குள்தான் விழுகிறது. மறுபக்கம், மறைந்த தலைவர்கள்மீதான விமர்சனத்துக்கும் அவமதிப்புக்கும் இடையிலான கோடு மெல்லியது. வரலாற்று ஆய்வாளர் ஒருவர் அந்தக் கோட்டில் சிக்கலாம்.

வெடிமருந்து உவமையும் தாயில்பட்டியும்

இந்தியப் பேச்சுரிமை வழக்குகளில் அடிக்கடி எடுத்தாளப்படும் உவமை ஒரு தமிழ்த் திரைப்பட வழக்கில் பிறந்தது. ‘ஒரே ஒரு கிராமத்திலே’ சாதி அடிப்படையிலான இடஒதுக்கீட்டைச் சாடிய படம். தமிழ்நாட்டில் அதைவிடக் கடும் எதிர்ப்பைக் கிளப்பக்கூடிய பொருள் அதிகம் இல்லை. சென்னை உயர் நீதிமன்றம் அதன் தணிக்கைச் சான்றிதழை ரத்து செய்தது. 1989 மார்ச் 30 அன்று ரங்கராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை மீட்டுக் கொடுத்தது. போராட்டம், வன்முறை என்ற மிரட்டலுக்கு அஞ்சிப் பேச்சை நசுக்கக் கூடாது; பேச்சுக்கும் ஆபத்துக்கும் உள்ள தொடர்பு, வெடிமருந்துப் பீப்பாயில் விழும் பொறியைப் போல நேரடியானதாக இருக்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம்.

பட்டாசுத் தொழிலே பிழைப்பான தாயில்பட்டி போன்ற ஊரில் இந்த உவமையை வேறு கண்ணால் பார்க்க முடியும். இங்கே விபத்துக்குக் காரணம் பெரும்பாலும் எங்கிருந்தோ வந்து விழுந்த பொறி அல்ல. செய்தித்தாள்கள் திரும்பத் திரும்ப எழுதுவது ‘மருந்து உராய்வு’ என்றுதான். ஆகவே பாதுகாப்பு விதிகள் பொறியை மட்டும் துரத்துவதில்லை. ஓர் அறையில் இத்தனை பேருக்கு மேல் இருக்கக் கூடாது, கலவையை அளவுக்கு மேல் குவிக்கக் கூடாது, அறைக்கு அறை இடைவெளி வேண்டும், மீந்த மருந்தை மறுநாளுக்கு வைக்கக் கூடாது என்று குவிதலைத் தடுப்பதில்தான் அவற்றின் கவனம். உள்குத்தகைக்கு விட்டு ஆட்களையும் மருந்தையும் நெருக்கி அடைத்த ஆலைகளில் இறந்தவர்கள் பலர். 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் நடந்த பேரழிவை இந்த வட்டாரம் மறக்கவில்லை.

நீதிமன்றத்தின் சோதனை பொறியைப் பார்க்கிறது, குவிவதைப் பார்ப்பதில்லை. சாதி வெறுப்போ குவிந்து வளர்வது. காதணி விழா, பூப்புனித நீராட்டு விழா ஃபிளக்ஸில் சாதித் தலைவர் படம், பள்ளிப் பிள்ளையின் கையில் சாதி நிறக் கயிறு, குருபூஜைக்குப் போகும் வண்டியில் அலறும் பாட்டு, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். இவற்றில் எதையும் தனியாக எடுத்துப் பொறி என்று நிறுவ முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவர் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே.சந்துருவின் ஒருநபர் குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில் பள்ளிகளில் கயிறும் சாதி அடையாளமும் கூடாதென்றது இந்தக் குவிதலைப் பார்த்துத்தான்.

ஆனாலும் உவமையை அதற்கு மேல் இழுத்தால் ஆபத்து. மருந்துக்கு யோசிக்கத் தெரியாது. பேச்சைக் கேட்பவருக்குத் தெரியும். கேட்பவரை வெறும் மருந்தாகப் பாவித்தால், எரித்தவரின் பொறுப்பு பேசியவர்மேல் போய்விடும். எந்தக் கூட்டத்துக்கும் அனுமதி மறுக்க அதிகாரிக்குக் காரணம் கிடைத்துவிடும். குவிதலைக் குறைக்க, பேசியவரைச் சிறையில் அடைப்பதைவிட உறுதியான வழிகள் உண்டு: பள்ளிக்கூட ஒழுங்கு, பொதுப்பாதை, பொதுச் சுடுகாடு, தாக்குதல் நடந்தால் தயங்காத கைது.

அச்சகத்தின் கதவு

சிவகாசிக்கு இந்தக் கேள்வியில் இன்னொரு பங்கும் உண்டு. எதிரெதிர்க் கட்சிகளின் சுவரொட்டிகள் அடுத்தடுத்து ஓடும் அச்சு ஊர் இது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு, தேர்தல் சுவரொட்டியில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்கிறது. வெளியிடுபவரை நேரில் அறிந்த இருவர் சான்றளித்த உறுதிமொழியை அச்சகத்தார் வாங்கி வைக்க வேண்டும். கருத்தைத் தடுக்காமல், கருத்துக்குப் பின்னிருக்கும் ஆளைக் காட்டச் சொல்லும் ஏற்பாடு இது. பெயரில்லாத் துண்டறிக்கையின் நஞ்சை இது ஓரளவு முறிக்கலாம். பெயர் தெரிந்தால் வேலையோ உயிரோ போகும் நிலையில் இருப்பவருக்கு இதுவே வாய்ப்பூட்டாகவும் ஆகலாம்.

எஞ்சி நிற்பவை

நான்கு விடைகளில் ‘அமைதி’ என்ற விடை கொள்கை அளவில் மிகவும் வலுக்குறைந்தது; நடைமுறையில் அதுவே ஆள்கிறது. அரசுக்கு எதிரான கருத்தும் தனிநாடு பற்றிய கருத்தும், எவ்வளவு வெறுக்கத்தக்கதாகச் சிலருக்குத் தோன்றினாலும், வன்முறைக்கான நேரடித் தூண்டுதல் இல்லாதவரை காவல் பெற வேண்டும் என்பதற்கு ஆதரவான சான்றுகள் வலுவாக உள்ளன. பதில் சொல்ல முடியாத இடத்தில் இருப்பவரை அவருடைய பிறப்பைச் சொல்லி இழிவுபடுத்தும் பேச்சுக்கு அதே காவல் தேவை என்பதற்கு அவ்வளவு வலுவான வாதம் இன்னும் வரவில்லை.

இந்தக் கோட்டை வரைந்தாலும் தீராத சிக்கல்கள் உண்டு. 2017இல் சட்ட ஆணையம் வெறுப்புப் பேச்சுக்குப் புதிய பிரிவுகளைப் பரிந்துரைத்தது. புதிய குற்றவியல் சட்டம் வந்தபோதும் வெறுப்புப் பேச்சுக்குத் தனி வரையறை வரவில்லை. வெறுப்புப் பேச்சு வந்தால் புகாருக்குக் காத்திராமல் வழக்குப் பதியுமாறு உச்ச நீதிமன்றம் 2022இலும் 2023இலும் உத்தரவிட்டது; ஆளுங்கட்சியின் மேடைக்கும் எதிர்க்கட்சியின் மேடைக்கும் காவல்துறை அதை ஒரே மாதிரி கடைப்பிடிக்க என்ன உத்தரவாதம் என்பதற்கு விடை இல்லை. 124ஏ 2022 மே மாதம் நிறுத்திவைக்கப்பட்டது. அதன் சாயலில் பாரதிய நியாய சன்ஹிதாவில் வந்த 152ஆம் பிரிவு எவ்வளவு தூரம் நீளும் என்பது இனிவரும் தீர்ப்புகளைப் பொறுத்தது.

எல்லாவற்றிலும் கடினமானது, யாரையும் பெயர் சொல்லித் திட்டாமல் தன் சாதியை மட்டும் உயர்த்தும் பேச்சு. அதில் இலக்கு எவருமில்லை, தூண்டுதலும் இல்லை. ஆனால் யாருக்குச் சொல்லப்படுகிறது என்பது கேட்கும் இரு தரப்புக்கும் தெரியும். பள்ளி வளாகத்துக்குள் அதைத் தடுக்கச் சந்துரு குழு வழி சொல்லியிருக்கிறது. வளாகத்துக்கு வெளியே, வயதுவந்தவர்களின் தெருவிலும் கைப்பேசியிலும் ஓடும் அதே பேச்சுக்கு மேற்சொன்ன நான்கு விடைகளில் எதுவும் முழுதாகப் பொருந்தவில்லை.